அப்பென்டிசைற்றிஸ் என்ற பெயரில் இல்லாதது

நினைத்தால் அழுகையும் கோபமும் ஒன்றாகவே வருகிற என் அண்ணைக்கு,

உங்கள் தங்கச்சி கடிதம் எழுதுகிறாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் குசினிக்குள் போய் ஒளிக்கிறவள், இன்றைக்கு எல்லோரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது, உங்களுடைய ஆட்டைத் திவசம் வருகிறது. அன்றைக்குச் சாப்பிட வருகிற சனம் முழுவதும் உங்களைக் கொண்டுபோன வருத்தத்தின், அந்த நோயின், பெயரை இன்னொரு தடவை சொல்லப் போகிறது. அதற்கு முன்னால் என்னிடம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெயர் அப்பென்டிசைற்றிஸ். நீங்கள் போவதற்கு முன் எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கு அளவெட்டியில் இருந்து தயிர் விற்க வருகிற பொன்னம்மாக்காவுக்குக் கூட அது தெரியும். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பெரியையாதான். மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர் அல்லவா, ஐயாவுக்கு அண்ணன் வேறு. செத்தவீட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் அவர்தான்.

"பெடியனுக்கு என்ன வருத்தமாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்பென்டிசைற்றிஸ்."

"அதென்ன, கேள்விப்படாத வருத்தமாக் கிடக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அது இஞ்சத்தை ஆக்களுக்கு லேசிலை வாறேல்லை. மலாயாவிலை எங்கடை துரைக்கும் உதுதான் வந்தது."

கேட்டவர் தலையை ஆட்டினார். ஏதோ நீங்கள் மற்றிக்குலேசன் சோதனை பாஸ் பண்ணிவிட்டீர்கள் என்று சொன்னதைப் போல ஆட்டினார். உள்ளே உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தது. பெண்களோடு இருந்து அழுதுகொண்டிருந்த எனக்கு அந்தத் தலையாட்டல் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உங்கள் வரலாறும் பாட்டும் போட்ட கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். உங்கள் மேல் வெண்பாப் பாடப் புலவர் ஒருவர் வந்தார். பெரியையா அந்தப் பெயரும் பாட்டில் வர வேண்டும் என்று நின்றார்.

"உந்தச் சொல் வெண்பாவுக்குள்ளை நிக்காது, ஐயா," என்றார் புலவர்.

"நிக்கப் பண்ணும். அதுக்குத்தானே உம்மைக் கூப்பிட்டது."

"தளை தட்டும்."

"தட்டினாத் தட்டட்டும். படிச்ச பிள்ளை, படிச்ச வருத்தத்திலை செத்தவன். காய்ச்சலிலை செத்தவன் எண்டோ போடச் சொல்லுறீர்?"

கடைசியில் பாட்டுக்குள் அது நிற்கவில்லை. முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டார்கள். அந்தியேட்டி அன்று கீரிமலைக் கேணிக்கரையில் ஈர வேட்டியோடு நின்றவர்கள் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்களாம். ஐயா வந்து சொன்னார். நீங்கள் லத்தீனில் பரிசு எடுத்தது அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. உங்கள் குணம், நடை, பெரியோரை மதிக்கும் பண்பு எல்லாம் இருக்கிறது. அந்தக் காலையில் நடந்தது மட்டும் இல்லை.

அந்தக் காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் எங்கள் வீட்டில் முதல் வேலை பேதிக்குக் கொடுப்பது. எங்கள் வீட்டில் மட்டுமா, இந்த ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டிலும் அப்படித்தான். விடிய வெறும் வயிற்றில் ஆமணக்கெண்ணெயைச் சூடாக்கி, மூக்குப்பேணியில் கோப்பியோடு கலந்து, மூத்த பிள்ளையில் இருந்து வரிசையாக. மத்தியானம் மிளகு ரசமும் சோறும். அன்றைக்கு யாரும் வெளியே போகக் கூடாது.

முதல் நாள் பின்னேரமே உங்களுக்கு வயிறு நொந்தது. அம்மா பேணியை நீட்டியபோது சொன்னீர்கள்.

"வயிறு ஒரு மாதிரிக் கிடக்குது, அம்மா."

"அதுக்குத்தானே மோனை பேதி. நல்ல நேரத்திலைதான் வந்திருக்கு. எல்லாத்தையும் கழுவிக்கொண்டு போகும்."

நீங்கள் ஒரே மடக்கில் குடித்தீர்கள். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ மூக்கைப் பொத்து, கண்ணை மூடு, பிள்ளையாரைக் கூப்பிடு. நாங்கள் ரோமாபுரிக்காரர், உப்பிடியே குடிப்பம்," என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னைப் பகிடி பண்ணின கடைசித் தடவை.

மத்தியானம் சுருண்டு படுத்தீர்கள். பேதிக் குத்து, போய்விடும் என்றார் அம்மா. அடுத்த நாள் வயிறு பலகை மாதிரி இறுகி, உடம்பு கொதித்தது. வண்டில் கட்டி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எங்கள் கடைசித் தங்கச்சி பூமணி சின்னப் பிள்ளை, அவளைப் பார்க்க அம்மா வீட்டில் நின்றார். உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வர என்னை ஏற்றினார்கள். பெரியையா இங்கிலீசு பேச வந்தார். ஆனால் டொக்டர் எங்கள் ஆள்தான், தமிழிலேயே கேட்டார்.

"வயிறு நொந்தாப்பிறகு ஏதாவது குடுத்தனீங்களோ?"

"பேதிக்குக் குடுத்தது, டொக்டர். ஆமணக்கெண்ணெய்," என்றார் ஐயா.

டொக்டர் உங்கள் வயிற்றில் இருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்: "இந்த வருத்தத்துக்குப் பேதி குடுக்கப்படாது. உள்ளுக்கை வெடிச்சுப் போச்சு. வெட்டிப் பாப்பம். ஆனா நம்பிக்கை சொல்ல மாட்டன்."

வருத்தத்தின் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னார். பெரியையா இரண்டு தடவை கேட்டுப் பாடமாக்கினார். வெட்டினார்கள். அடுத்த நாள் பின்னேரம் நீங்கள் இல்லை.

திரும்பி வருகிற வழியில் ஐயா என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "பிள்ளை, பேதிக் கதையைக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவள் பிறகு உயிரோடை இருக்க மாட்டாள்."

"வருத்தத்தின்ரை பேரைச் சொன்னாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார் பெரியையா.

இப்போது விளங்குகிறதா, அந்தப் பெயர் எதற்குப் பயன்பட்டது என்று? ஊருக்கு அது பெருமை. ஐயாவுக்கு அது மூடி. நான் இதை அன்பு இல்லை என்று சொல்லவில்லை. ஐயா அம்மாவைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் காப்பாற்றினாரா?

அந்த வருஷம் முழுக்க அம்மா என்ன செய்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் யூனியர் சோதனை பாஸ் பண்ணினால் பிள்ளையாருக்குப் பொங்குவதாக நேர்ந்திருந்தாராம். நீங்கள் பாஸ் பண்ணினீர்கள், ஆனால் அந்த முறை மழையில் புகையிலை அழுகிப் போனது, பொங்கல் தள்ளிப் போனது. அதுதான் காரணம் என்று அம்மா தீர்த்துவிட்டார். நேத்தியை மறந்ததற்காகப் பிள்ளையார் பிள்ளையைக் கேட்டுவிட்டாராம். வெள்ளிக்கிழமை முழுநாளும் பச்சைத் தண்ணீர் கூட இல்லை. கோயில் வீதியில் விழுந்து விழுந்து அடியழித்து முழங்கால் இரண்டும் தோலுரிந்து வீட்டுக்கு வருவார். நான் நல்லெண்ணெய் தடவி விடுவேன். ஐயா அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போடுவார்.

அண்ணை, எனக்கு அப்போது வந்த கோபம் ஐயாவின் மேலா, பெரியையாவின் மேலா, உங்கள் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் மேலும்தான். இத்தனை படித்த நீங்கள் ஏன் அதைக் குடித்தீர்கள்? வயிறு ஒரு மாதிரி என்று சொன்ன நீங்கள், நோகிறது என்று ஏன் உரக்கச் சொல்லவில்லை?

சும்மா இருக்க முடியாமல்தான் உங்கள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். நான் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடம் போதும் என்று ஐயா மறித்தது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஐந்தாம் வகுப்பு இங்கிலீசு. மிச்சம் முழுக்க நீங்கள் கிணற்றடியில் துலா மிதித்துக்கொண்டு சொன்னது. இங்கிலீசுச் சொல் ஒன்றை எடுத்து, முருங்கைக்காய் முறிப்பது போல முறித்துக் காட்டுவீர்கள். ரெலிபோன் முழுக்கக் கிரேக்கம். ஓட்டோமொபைல் தலை கிரேக்கம், வால் லத்தீன். உங்கள் லத்தீன் வாத்தியாருக்கு அப்படிக் கலந்த சொற்கள் பிடிக்காது என்றும், அவை சாதி மாறிக் கட்டின சொற்கள் என்று மூக்கைச் சுளிப்பார் என்றும் சொல்வீர்கள். "கார் ஓடுதோ இல்லையோ எண்டு பாக்க மாட்டார், பேரின்ரை குலம் கோத்திரம்தான் பாப்பார்," என்று சிரிப்பீர்கள்.

உங்கள் லத்தீன் அகராதியில் தேடினேன். பொருள் எல்லாம் இங்கிலீசில் இருந்ததால் ஒரு பக்கம் வாசிக்க ஒரு பொழுது போனது. தலைப்பாதி கிடைத்தது. லத்தீனில் தொங்குவதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஒட்டு வந்து ஒன்றில் இன்னொன்று தொங்குகிறது என்று ஆகிறது. அப்பென்டிக்ஸ் என்றால் தொங்கிக்கொண்டு இருக்கிற துண்டு. புத்தகத்தின் கடைசியில் சேர்க்கிற பகுதிக்கும் அந்தப் பெயர்தான். குடலில் தொங்குகிற ஒரு சின்ன வாலுக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். ஆனால் 'ஐற்றிஸ்' என்ற பின்பாதி அந்த அகராதியில் எங்கும் இல்லை.

உங்கள் சிநேகிதர் ஞானமுத்து ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வந்தார். அவருடைய தகப்பன் பாதிரியார், வேதம் படிக்கக் கிரேக்கம் படித்தவர் என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவு இருந்தது. அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் உள்ளே நின்றபடியே கேட்டேன்.

"சொல்லின்ரை பின்னாலை ஐற்றிஸ் எண்டு வந்தா என்ன கருத்து?"

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆர், பரமேஸ்வரியோ கதைக்கிறது? உமக்குக் குரல் இருக்குதெண்டு அவன் சொன்னவன். நான் நம்பேல்லை."

"தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியாது. கேட்டுக்கொண்டு வாறன். கோபிக்காதையும்."

அடுத்த கிழமை பதிலோடு வந்தார். "அது கிரேக்கம், தங்கச்சி. அதைச் சேர்ந்தது எண்டதுதான் கருத்து. கிரேக்கத்திலை வருத்தத்தைப் பெண்பாலாத்தான் சொல்லுவினமாம், அதாலை சேர்ந்தவள் எண்டு வருமாம். பிறகு டொக்டர்மார் எங்கை வீங்கினாலும் உந்த வாலைக் கட்டிப்போட்டினம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். நீர் வேறை என்னத்தை எதிர்பார்த்தனீர்?"

நான் குசினிக்குள் திரும்பிவிட்டேன். ஆனால் எதிர்பார்த்தேன், அண்ணை. இவ்வளவு பெரிய சொல்லுக்குள் எங்காவது ஒரு மூலையில், ஏன் என்பது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தலை லத்தீன், வால் கிரேக்கம். உங்கள் வாத்தியார் மூக்கைச் சுளிக்கிற கலப்புச் சாதி. ரோமாபுரிக்காரர் தங்கள் சொல்லால் எங்கே தொங்குகிறது என்று சொன்னார்கள். கிரேக்கர் தங்கள் சொல்லால் அதைச் சேர்ந்த வருத்தம் என்று சொன்னார்கள். இரண்டு பேரும் எங்கள் குசினிக்குள் வந்து பார்த்தவர்கள் இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. சொல் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறது. அதற்குத் தெரியாததை அது சொல்லிவிட்டது போல எங்கள் ஆட்கள் நடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த விடுமுறையும் வந்தது. பெரியையா வந்திருந்த அன்று காலை பூமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். குடித்த தண்ணீரை ஒரு வாய் சத்தியும் எடுத்தாள். அம்மா உடனே எண்ணெயை அடுப்பில் வைத்தார்.

ஐயாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பார் என்று நின்றேன். அவர் தொண்டையைச் செருமினார். "இண்டைக்கு வேண்டாமே, பிள்ளை களைச்சுக் கிடக்கிறாள்," என்றார்.

"களைப்புக்குத்தானே குடுக்கிறது. நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் அம்மா.

ஐயா சும்மா இருந்துவிட்டார். அம்மா பேணியைக் கொண்டு வந்து பூமணியின் வாயருகே பிடித்தார்.

"உதைக் குடுக்காதேங்கோ, அம்மா," என்றேன்.

"ஏன்ரி?"

"பிள்ளை, பேசாமல் இரு," என்றார் பெரியையா.

"அண்ணைக்கு உதுதான் உள்ளுக்கை வெடிச்சது. டொக்டர் சொன்னவர். ஐயா கேட்டவர், பெரியையா கேட்டவர், நானும் கேட்டனான்."

அம்மா பேணியைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. பூமணி அழத் தொடங்கினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு, "வண்டில் கட்டுங்கோ," என்று ஐயாவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் ஐயாவுக்கு நான் போட்ட முதல் கட்டளை அது. அவர் போய்க் கட்டினார், பெரியையாவும் ஏறினார்.

அதே டொக்டர். பூமணியின் வயிற்றை அங்குமிங்கும் அமத்திப் பார்த்தார். அவள் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டாள்.

"இது அதில்லை. பூச்சி," என்றார். மருந்தும் கொடுத்தார். அந்த மருந்துக்குப் பிறகு என்ன கொடுக்கச் சொன்னார் தெரியுமா? பேதிக்கு ஆமணக்கெண்ணெய்.

நீங்கள் அங்கே இருந்து சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. வெட்கத்தை விட்டு டொக்டரையே கேட்டேன், எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. தன்னுடைய வயிற்றிலேயே கையை வைத்துக் காட்டினார். கொப்பூழடியில் தொடங்கி, வலப்பக்கம் கீழே இறங்கி, அங்கேயே நின்று நொந்தால், சத்தியும் காய்ச்சலும் வந்தால், பேதி ஆகவே ஆகாது. "தெரியாட்டி ஒண்டும் குடுக்காமல் கொண்டு வாங்கோ. கேட்டுக்கொண்டு வந்தது நல்லது," என்றார்.

வரும்போது பெரியையா வண்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். வீட்டு வாசல் படலையடியில் வாயைத் திறந்தார்.

"ஒரு பூச்சி வருத்தத்துக்குப் பெத்த தாயின்ரை நெஞ்சைப் பிளந்துபோட்டாய்."

"ஓம், பெரியையா," என்றேன். "நாளைக்கு அவள் வயித்தைப் பிடிச்சாலும் பிளப்பன்."

பெரியையா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அது எனக்குப் பெரிய நட்டம் இல்லை.

அம்மாவின் கதை வேறு. சில நாள் சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை. சமைத்து வைப்பார், போய்ச் சுவரைப் பார்த்து இருப்பார். ஐயா சொன்னதுதான் நடக்கப் போகிறது, அம்மாவை நான்தான் கொல்லப் போகிறேன் என்று பயந்தேன். பயந்தேனே தவிர, சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. பிறகு ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"உந்தப் பேர் என்ன சொல்லுது? நீ புத்தகத்திலை தேடினனீயாம், ஞானமுத்து சொன்னான்."

"வயித்துக்குள்ளை தொங்குற ஒரு துண்டின்ரை வருத்தம் எண்டு சொல்லுது."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை, அம்மா."

"பேதி எண்டு அதிலை இல்லையோ?"

"இல்லை."

"நேத்தி எண்டு?"

"அதுவும் இல்லை."

துருவலையை விட்டு எழும்பினார். ஐயா முற்றத்தில் புகையிலைக் கன்று கொண்டுபோக ஓலைக் கடகம் எடுத்துக்கொண்டு இருந்தார். அம்மா போய் முன்னால் நின்றார்.

"நான்தான் குடுத்தனான். தெரியாமல் குடுத்தனான். அதை நான் தாங்கிக்கொள்ளுவன், தாங்காமல் விடுவன், அது என்ரை பாடு. ஆனா ஒரு வருஷமா நான் பிள்ளையாரிட்டைப் பதில் கேட்டு விழுந்து எழும்பினனான். பதில் உங்கடை வாய்க்குள்ளை கிடந்தது. என்ரை முழங்காலைப் பாத்துக்கொண்டு எப்பிடியப்பா வெத்திலை சப்பினனீங்கள்?"

ஐயா கடகத்தை வைத்தார், எடுத்தார். "நீ செத்துப்போவாய் எண்டு பயந்தனான்," என்றார்.

"நான் சாகேல்லை. இன்னொண்டு செத்திருக்கும்."

ஐயா கடகத்தை மறுபடியும் கீழே வைத்தார்.

அன்று பின்னேரம் அம்மா சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ஒரு முடிவு சொன்னார். திவசத்துக்கு இந்த ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். எல்லோர் வீட்டிலும் அந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியையாவின் காதுக்கு அது போய், ஆள் விட்டு மறித்துப் பார்த்தார். பெற்ற தாயே பிள்ளைக்கு எமன் ஆனாள் என்று ஊர் சொல்லும், குடும்ப மானம் போகும், பூமணிக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமா என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்.

"ஊர் என்னைச் சொல்லட்டும்," என்றார் அம்மா. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆனா பிள்ளை, அவன்ரை படத்துக்கு முன்னாலை எனக்கு வாய் வராமல் போனா, நீ சொல்லிவிடு."

அம்மாவுக்கு வாய் வராது, அண்ணை. எனக்குத் தெரியும். உங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினாலே எழும்பி அடுப்படிக்குப் போய்விடுகிறார். ஆகவே அது என் வேலை. பந்தியில் இருக்கிற அத்தனை பெண்களுக்கு முன்னால், படலையில் பெரியையா கோட்டோடு நிற்க, நான் பேச வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதி எழுதித்தான் அதற்குப் பழகிக்கொள்கிறேன். சொல்லுகிறபோது என் குரல் நின்றுவிட்டால், ஞானமுத்து இதை எடுத்து வாசிக்கட்டும் என்று அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. தீரும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். முதலில் எந்த இடத்தில் நொந்தால் கவனம் என்று என் கையை வைத்துக் காட்டுவேன். பிறகு எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்வேன். எங்கள் வீட்டில் அதைக் கொடுத்தோம், அதனால் நீங்கள் போனீர்கள் என்றும் சொல்வேன். வருத்தத்தின் பெயரை, யாராவது கேட்டால் மட்டும், கடைசியாகச் சொல்வேன்.

உங்களோடு கோபித்துக்கொண்டே இருக்கப்போகிற,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
பரமேஸ்வரி